மேலே ஏரி, கீழே கடல்

கேள்வி: வாடகை வீடு, ஷிப்ட் வேலை. இரும்பு ஸ்டாண்டில் மேலே கடல்மீன் தொட்டி, கீழே நன்னீர்த் தொட்டி வைக்கலாமா?
– ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: தலைகீழாக மாற்றுங்கள். உப்புத்தண்ணீர் சொட்டினால் கீழே இருக்கும் மீனும் பாவம், ஸ்டாண்டும் பாவம். தொட்டிக்கு 200 லிட்டர் என்றால் தண்ணீரே 400 கிலோவைத் தாண்டும். உங்கள் ஊரில் தயாராகும் என்ஃபீல்டு பைக் இரண்டை அடுக்கிவைத்த மாதிரி! வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். தரை சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். கடல் தொட்டிக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; மீன்கடையில் விற்கும் கடலுப்புக் கலவைதான், சாம்பாருக்குப் போடுவது அல்ல. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே இருக்கும். எனவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் போதும். மீனுக்குச் சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் சந்தை இருக்கிறது. அங்கே போய்ப் பவளப்பாறை, கடற்குதிரை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவையும் புலியும் ஒரே அட்டவணை.