நடு நாற்காலிக்காரர்

சென்னையிலும் கோவையிலும் ஓரளவு வசதியான அடுக்ககங்களில் இவரைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டியவர், பெரும்பாலும் ஆண், வீட்டுக் கடன் தவணையெல்லாம் கட்டி முடித்தவர். கூடத்தின் ஒரு பக்கத்தில் மார்பளவு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள் நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே, இரண்டுக்கும் சம தூரத்தில், ஒரே ஒரு நாற்காலி. வருகிறவர்கள் காபிக்கு முன்னால் அதில் உட்கார வைக்கப்படுகிறார்கள். மே மாதமானாலும் மின்விசிறி நிறுத்தப்படுகிறது. "தலைய ஆட்டாதீங்க சார், ஒரு இஞ்ச் இந்தப் பக்கம் வாங்க... ஆங், இப்பக் கேளுங்க" என்கிறார். பாட்டு முடிந்ததும் பாட்டைப் பற்றிப் பேசிவிடக் கூடாது. பாடிய அம்மாளின் வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தது, டிரம்ஸ்காரர் அவருக்கு எவ்வளவு தூரம் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு சார்" என்று சொன்னவர்களுக்கு மறு அழைப்பு வருவதில்லை.

இவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமல்ல. கடையில் விற்கும் பெயர்பெற்ற ஸ்பீக்கரை விட்டுவிட்டுத் தனக்கென்று பெட்டி செய்யச் சொன்னாரே, அவர் செய்த காரியங்களிலேயே அறிவுள்ளது அதுதான். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு: இன்றைய ஸ்பீக்கரின் இந்த அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸும் கெல்லாக்கும் 1925-லேயே கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கான எந்த ஊஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, பெட்டித் துளைக்குள் எவ்வளவு நீளக் குழாய் என்பதெல்லாம் ஒரு காலத்தில் அனுபவக் குத்துமதிப்பு. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் அதற்குக் கணக்கு வகுத்தார். எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இப்போது மடிக்கணினி அந்தக் கணக்கை நொடியில் போட்டுவிடுகிறது. டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக், நார்வேயின் சியாஸ் நிறுவனங்களின் ஊஃபரும் உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டரும் விலையுயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகள் பலவற்றுக்குள் இருக்கின்றன. அவற்றையே தனியாக வரவழைத்து, நல்ல ஆசாரியிடம் பிர்ச் பிளைவுட்டில் பெட்டி அடித்து, தேக்கு வெனீர் ஒட்டிக்கொண்டால் விளம்பரச் செலவும் கடைக்காரர் லாபமும் மிச்சம். தமிழ்நாட்டுக்கு இது புதிதுமில்லை. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி 'அசெம்பிள்' செய்த ஆம்ப்ளிஃபயரும், மண்பானை வாயில் பொருத்திய ஸ்பீக்கரும் கேசட் காலத்துத் தெருக்களை அதிரவைத்தன. அந்தப் பானையைக் கேலி செய்ய வேண்டாம். கெட்டியான சுவர், வளைந்த உட்புறம், ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியைத் தின்றுவிடாமல் காக்கும் அடைபட்ட காற்று என்று ஒரு பெட்டிக்கு வேண்டிய லட்சணங்கள் அதற்கு உண்டு. ஆகவே பெட்டியில் குறை இல்லை. ஆனால் அளந்ததெல்லாம் ஊஃபரின் குணங்களை மட்டுமே. பெட்டி நிற்கப்போகும் அறையை யாரும் அளக்கவில்லை. துணியை அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டு, போட்டுக்கொள்ளப்போகும் ஆளை அளக்காமல் தைத்த சட்டை அது.

இவர்மீது என் வழக்கு இவ்வளவுதான்: ஒலியைத் தீர்மானிக்கும் பொருள்களில் மிகப் பெரியதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம். அவர் கூடத்தில் அது முழுசாக நீட்டிப் படுக்கவே இடமில்லை. கூடம் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை மோதித் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்துகொள்வதால், நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஓர் ஒலி வீங்கும். அகலவாக்கில் 56, உயரமும் அதே 10 அடி என்பதால் அங்கேயும் 56. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அப்படியென்றால் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இறங்கி ஏறும்போது ஒரு சுரம் முழங்கும், அடுத்தது முணுமுணுக்கும். சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டால் அந்த 47 காதைக் குத்தும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே 47 ஏறக்குறையக் காணாமல் போகும். சின்ன அறைகளில் இப்படி 10 முதல் 20 டெசிபல் வரை ஏறி இறங்குவது சாதாரணம். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஒலி ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் நம்மவரோ ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் இந்தக் கெப்பாசிட்டரா அந்தக் கெப்பாசிட்டரா என்று அரை டெசிபலுக்கும் குறைவான விஷயத்தில் இரண்டு மாதம் தூக்கம் கெடுகிறார். போதாக்குறைக்கு அவர் படிக்கும் மதிப்புரைகள் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் தானே கொஞ்சம் அதிர்ந்து பேஸை ஓரளவு விழுங்கிவிடும். தரையில் கம்பளம் வேறு. இங்கே கான்கிரீட், விட்ரிஃபைட் டைல், கண்ணாடி ஜன்னல். உள்ளே போன ஒலி சுலபத்தில் அடங்குவதில்லை.

இது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். அளப்பதற்கான மைக் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். மூலைகளில் ராக்வூல் அடைத்த தடித்த பலகைகளை நிறுத்தலாம். செய்யமாட்டார். அறைக்கு மாடல் நம்பர் கிடையாது. அதை மேம்படுத்தினால் நண்பர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. ராக்வூல் பலகை மூலையில் சாத்திய மெத்தை மாதிரி இருக்கும். தவிர, கூடம் அவருடையது மட்டுமல்ல: சாப்பாட்டு மேஜை, ஷோகேஸ், அம்மாவின் கட்டில் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே தனக்குப் பட்டா உள்ள சின்னச் சின்னப் பொருள்களின் பக்கம் திரும்புகிறார். பெட்டிக்கு அடியில் பித்தளை ஆணி. ஆம்புக்கு அடியில் கிரானைட் பலகை. பிறகு கேபிள். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்எம் செப்பு ஒயரில் ஐந்து மீட்டர், போகவர பத்து மீட்டர், மொத்தத் தடை 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைக் காட்டினால் சிரிக்கிறார்; பாம்பு பருமனில் வெள்ளி முலாம் பூசிய கேபிள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. அதுவும் ஸ்பீக்கரும் 'செட்' ஆக இருநூறு மணி நேரம் ஆகுமாம். ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பு முதலில் சிறிது தளரும் என்பது உண்மை. மீதி நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்ச மணி நேரத்தில் தளர்வது அவருடைய காது.

"நீங்க கேட்கப் பழகலை சார், வித்தியாசம் எனக்குத் தெரியுது" என்பது அவருடைய முதல் பதில். தெரிகிறது என்பதில் சந்தேகமில்லை. எதனால் தெரிகிறது என்பதே கேள்வி. ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய ஒரு சோதனையை 1994-இல் வெளியிட்டார்கள். நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். இன்னொரு முறை கண்ணெதிரே. திரை இருந்தவரை மதிப்பெண் ஒலியைப் பின்பற்றியது. திரையை எடுத்ததும் பெரிய பெட்டிகள் மேலே ஏறின. மலிவான சின்ன பிளாஸ்டிக் செட் கீழே விழுந்தது. என் வழக்குக்கு வேண்டிய சாட்சி அதற்கடுத்த முடிவில் இருக்கிறது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்ட வித்தியாசத்தை, கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. கண் திறந்தால் அறை மறைந்துவிடுகிறது, பெட்டி மட்டும் ஒலிக்கிறது. ஆலிவ் பின்னர் பழகிய காதுகளையும் பழகாத காதுகளையும் ஒப்பிட்டபோது, இரு சாராரும் பெரும்பாலும் அதே ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். பழகியவர்கள் மதிப்பெண்ணைக் கறாராகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த பதில் கொஞ்சம் கனமானது. கருவிக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது, நேரில் கேட்கும் கச்சேரிதான் உரைகல், அந்த உயிர்ப்பைத் தேடுகிறேன் என்பார். இந்த உரைகல்லைப் பற்றி வரலாறு வேடிக்கையான ஒன்றைச் சொல்கிறது. 1915 முதல் பத்தாண்டு காலம் எடிசனின் நிறுவனம் அமெரிக்க அரங்குகளில் பாடகரை மேடையில் நிறுத்தி, பாதியில் விளக்கை அணைத்து, பாட்டைக் கிராமஃபோனுக்கு மாற்றிக் காட்டியது. எங்கே மாறியது என்று தெரியவில்லை என்று மக்கள் வியந்தார்கள். மின்சார மைக் வருவதற்கு முந்தைய, புனல் வைத்துப் பதிந்த தட்டு அது. இன்றைய மலிவுவிலைக் கைபேசியும் அதைத் தோற்கடிக்கும். அந்த மேடைகளில் பாடிய அன்னா கேஸ், இயந்திரத்தின் குரலுக்கு இணங்கத் தன் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் சொன்னார். 'அசலைப் போலவே' என்ற தீர்ப்பு அன்றைக்கும் அவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கிறது. மேலும், உயிர்ப்புக்காக அவர் போடும் பாட்டுகளைப் பாருங்கள்: ஈகிள்ஸ் குழு 1994-இல் மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா', டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 1985 ஆல்பம், ஏதேனும் ஒரு ஜாஸ் பாடகி. நேர்த்தியான பதிவுகள், மறுக்கவில்லை. ஆனால் இளமையில் அவர் உருகிக் கேட்ட எம்.எஸ். தட்டுகளும் கண்டசாலாவும் அலமாரியிலேயே தூங்குகின்றன. "இந்த சிஸ்டத்துல அந்த ரிக்கார்டிங் எல்லாம் தாங்காது சார்." ஸ்பீக்கர் உயர உயரப் பாட்டு குறைந்துகொண்டே வருகிறது. இசைக்காகப் பெட்டி என்று தொடங்கியது, பெட்டி ஏற்றுக்கொள்ளும் இசை என்று முடிந்திருக்கிறது.

இதில் இயற்கை செய்யும் குறும்பும் சேர்ந்துகொள்கிறது. புதிய ட்வீட்டர் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகுமாம். மனிதக் காது இளமையில் 20,000 வரை கேட்கும்; ஐம்பதுகளின் பிற்பகுதியில் பெரும்பாலோருக்கு 12,000-க்கு மேல் மங்கிவிடும். இப்படிப்பட்ட ட்வீட்டரை வாங்கப் பணம் சேரும் வயதும் ஏறக்குறைய அதுதான். அந்த வீட்டில் 20,000 வரையாவது கேட்கத் தகுதி உள்ளவள் ஆறு வயதுப் பேத்தி ஒருத்திதான். கூம்பில் விரல் வைத்துவிடுவாள் என்று அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடுவதில்லை.

கடைசியாக ஒரு வாதம் வரும், அதற்கு நான் பாதி இணங்குகிறேன்: யாருக்கு என்ன நஷ்டம்? குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. மற்றவர்கள் நகை வாங்கவில்லையா, கார் மாற்றவில்லையா? சரிதான். நகையைச் சேட்டுக் கடையில் வைத்தால் பணம் வரும், இவருடைய பெட்டியை எந்தக் கடையும் அடகு வாங்காது. ஆனாலும் பொழுதுபோக்கை மறுவிற்பனை விலையால் அளப்பது கஞ்சத்தனம். ஆசாரிக்குக் கூலி போகிறது, ரிச்சி தெருவில் வியாபாரம் நடக்கிறது, மாலை வேளையில் ஒரு மனிதர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கவனமாக ஒன்றைக் கேட்கிறார். இந்தக் காலத்தில் அது அபூர்வம். இணங்காத பாதி இது: அந்தச் சந்தோஷத்தை வீட்டில் வேறு யாரும் பங்குபோட முடியாதபடி அமைத்துக்கொண்டார். வானொலிப் பெட்டி காலத்தில் அடுப்படியில் இருந்தவர்களும் திண்ணையில் இருந்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள்; ஒலி சுமார்தான். இவருடைய கூடத்தில் ஒலி பிரமாதம், அதுவும் ஒரு நாற்காலியில் மட்டும். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் கைபேசியில் பாட்டுக் கேட்கிறார். அவருக்கு வார்த்தைகளாவது புரிகின்றன.

இவருடைய அழைப்பு உங்களுக்கும் ஒருநாள் வரும். போய் வாருங்கள்; பெட்டியைக் குறைசொல்ல வேண்டாம், அது உண்மையிலேயே நல்ல பெட்டி. நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தால் அதை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டு அதே பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள். பேஸில் வரும் மாற்றம் எந்தக் கேபிளும் தராத மாற்றம். ஆனால் அது இலவசம் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள், நம்பமாட்டார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து நாற்காலி போட இடம் குறித்துக் கொடுக்கிறார், கட்டணம் எழுபதாயிரம் என்று சொல்லுங்கள். வித்தியாசம் உடனே கேட்கும்.