போன வாரக் குற்றாலம்: மீள்வேட்கை குறித்த ஓர் ஆய்வு

ஒருமுறை கண்ட ஊரை மீண்டும் காணவேண்டும் என்று மனிதருக்கு எழும் அவா இக்கட்டுரையில் மீள்வேட்கை எனப்படும். காணாத ஊரைக் காண விழைவது வெறும் ஆசையாகையால் ஆய்வெல்லைக்குப் புறம்பானது. சொந்த ஊரைக் காண விழைவது பெரும்பாலும் பத்திரப்பதிவு தொடர்பானதாகையால் அதுவும் விலக்கப்பட்டது. ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது குற்றாலம். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில், சிற்றாறு அருவியாகி விழும் இவ்வூருக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான ‘சீசன்’ காலத்தில் வந்தவர்களுள், ஈரத்தலையோடு வண்டியேறும்போது ‘அடுத்த சீசனுக்கும் வந்துரணும்’ என்று சொல்லாதவர் அரியர் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

குற்றால மீள்வேட்கை ஐவகைப்படும். கனிவழி வேட்கை, சாலையோரத்தில் குவிந்திருக்கும் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் நினைத்து எழுந்து, விலை கேட்டதும் தணிவது. மருத்துவவழி வேட்கை, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்ற தலைமுறைக்கு உரியது. அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் தடை வந்தபின் அருகிவருவது. கலைவழி வேட்கை, நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபையின் சுவரோவியங்களை மீண்டும் காண எழுவது. இதற்குப் போதிய சான்று இன்னும் கிட்டவில்லை. உணவுவழி வேட்கை, செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் கிடைக்கும் ‘பார்டர் பரோட்டா’வின்பால் எழுவது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அங்கிருந்த எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. ஆயினும் ‘பார்டர்’ நகரவில்லை என்பதை அரசியல் வரலாற்றாசிரியர்கள் இதுவரை விளக்கினாரில்லை.

ஐந்தாவதான நீர்வழி வேட்கையே இவற்றுள் தலையாயது. இதனை விளங்கிக்கொள்ள முதற்கண் குற்றாலத் தண்ணீரின் மூன்று நிலைகளை அறிதல் வேண்டும். பாறை நனைந்து, நூலாகத் தண்ணீர் வடிந்து, நூறு பேர் ஒரு வாளிக்கு நிற்பதுபோல் நிற்கும் நிலை முதலாவது. மேலிருந்து விழும் நீர் பொங்குமாங்கடல் எனப்படும் பாறைப்பள்ளத்தில் மோதி, அங்கிருந்து பொங்கி, கீழே இரும்புக் கம்பியைப் பிடித்து நிற்பவர் முதுகில் அறையும் நிலை இரண்டாவது. பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவதும், காவலர் விசிலூதி அனைவரையும் வெளியேற்றுவதும் மூன்றாவது. முதல் நிலையில் குளிக்க முடியாது. மூன்றாம் நிலையில் குளிக்க விடமாட்டார்கள். குளிப்பதற்குரிய இரண்டாம் நிலை எப்போது வாய்க்கும் என்னும் வினாவுக்கு அவ்வூரார் அனைவரும் ஒருமித்துக் கூறும் விடை ஒன்றே: ‘போன வாரம்லா வந்திருக்கணும்! என்னா தண்ணி!’

ஆட்டோக்காரர், தேநீர்க்கடைக்காரர், விடுதி மேலாளர், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிப்பவர் ஆகிய நால்வரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே வழங்கும் இச்சான்றை ஆய்வாளர் எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் போன வாரம் வந்தவரிடமும் அதற்கு முந்தைய வாரமே புகழப்பட்டது என்பதால் இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. வாரந்தோறும் பின்னேறிச் சென்றால் முதல் ‘போன வாரம்’ எது என்பதில் மூன்று மரபினர் மாறுபடுவர். முதல் மரபினர் அது ஜூன் முதல் வாரம் என்பர். இரண்டாம் மரபினர், அது கேட்பவரின் தந்தை பிள்ளையாக இருந்த காலம் என்பர். இதற்கு அத்தந்தையரே சான்று. மூன்றாம் மரபினரோ, ஐந்தருவிக்குச் செல்லும் வேன் ஒன்றின் பின்னிருக்கையில் வழங்கிய வாய்மொழியையும், அவ்வாய்மொழிக்கு முன்னிருக்கையிலிருந்து எழுந்த மறுப்புரையையும், அம்மறுப்புரையைக் கேளாது உறங்கியவர் விழித்தெழுந்து வரைந்த விளக்கவுரையையும் ஒப்புநோக்கி, முதல் ‘போன வாரம்’ கடல்கோளுக்கு முற்பட்டது என நிறுவுவர். சான்று கிட்டாத எதனையும் கடலுக்கடியில் கொண்டுபோய் வைப்பது தமிழாய்வில் புதிதன்று.

இலக்கியச் சான்று தேடியோர் திரிகூடராசப்பக் கவிராயரிடம் சென்றனர். குற்றாலக் குறவஞ்சி பாடிய அவருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர்பெற்றதால், அருவியை அவர் நல்ல வாரத்தில்தான் கண்டிருக்கவேண்டும் என்பது தேடியோரின் துணிபு. எனினும் கவிராயர் அருகிலுள்ள மேலகரத்துக்காரர். எல்லா வாரமும் அங்கேயே இருந்தவர். எனவே அவர் சான்று செல்லாது. இனி, பாடபேதக் கொள்கையினர் என ஒரு சாரார் உளர். குற்றாலத்தில் வாழ்ந்து, கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் எனத் தள்ளிய ரசிகமணி டி.கே.சி.யின் முறையைப் பின்பற்றி, இந்த வாரத் தண்ணீர் இடைச்செருகல் என்றும், போன வாரத் தண்ணீரே மூலபாடம் என்றும் இவர்கள் கொள்வர். ரசிகமணிக்குப் பாட்டாவது கையில் இருந்தது. அதை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிட்டுத் தள்ளினார். பிற்காலத்தார் பலர் நூலைத் திறவாமலே தள்ளத் தேர்ந்துள்ளதால், காணாத தண்ணீரை மூலமாகக் கொள்வது அவர்களுக்கு அருஞ்செயலன்று.

தொலைபேசியில் முன்கூட்டியே விசாரிப்பது இச்சிக்கலைத் தீர்க்கும் எனக் கருதுவோரும் உளர். ‘இப்ப நல்லா விழுது’ என்னும் விடை கேட்டவுடன் மதுரையிலிருந்து புறப்படுபவர் வந்து சேர்வதற்குள், மலைமேல் மழை வலுத்தால் மூன்றாம் நிலையும், வெயில் அடித்தால் முதல் நிலையும் வந்துவிடக்கூடும். விடை சொன்னவர் பொய் சொன்னவராகார்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிபாவது: மீண்டும் செல்ல ஏங்குவோர் ஏங்குவது தாம் நனைந்த அருவிக்கு அன்று, தமக்கு ஒரு வாரம் முன்னே விழுந்ததாகச் சொல்லப்பட்ட அருவிக்கே, அதில் நனைந்தவர் எவரும் இல்லையாதலால் அவ்வேக்கத்துக்குக் குறைவும் இல்லை. ஆகவே குற்றாலம் செல்ல விழைவோர் நல்ல வாரம் பார்த்துக் காத்திராமல் விடுப்புக் கிடைத்த வாரத்தில் பேருந்து ஏறுவதே தக்கது. அந்த வாரம் எத்தகையதாயினும், அடுத்த வாரம் வருபவரிடம் அதுவே புகழப்படும்.