வாடகை பாக்கியில் பிழைத்த சங்கீதம்

கிரேட்ஃபுல் டெட் என்றொரு அமெரிக்க இசைக்குழு. 1965-இல் கலிஃபோர்னியாவில் கடை விரித்து, 1995-இல் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா கண்ணை மூடும்வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். அதில் ஊர் உலகமே பார்க்கும் மேடை என்று ஒன்று வந்தால் மட்டும் சொதப்பிவிடுவது இவர்களுடைய குலதர்மம். 1967 மான்டரே விழாவில், கிதாரை உடைத்த ‘தி ஹூ’வுக்கும் கிதாரைக் கொளுத்திய ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். இவர்கள் வெறுமனே வாசித்தார்கள், யாருக்கு நினைவிருக்கும்? வுட்ஸ்டாக் விழாவில் மழை. நனைந்த மேடையில் கிதாரைத் தொட்டால் ஷாக்.

1978-இல் ஆசை எகிப்து வரை போயிற்று. பிரமிடு அடிவாரத்தில் கச்சேரி! பிரமிடுக்குள் இருக்கும் ராஜாவின் அறையையே எதிரொலிக் கூடமாக்க வயர் இழுத்தார்கள், பலிக்கவில்லை. டிரம்மர் பில் க்ரூட்ஸ்மனுக்கு மணிக்கட்டு முறிந்து ஒற்றைக் கை வாசிப்பு. பியானோ சுருதி சேரவில்லை. பயணச் செலவை ஈடுகட்டப் போடவிருந்த ரெக்கார்டு பரணுக்குப் போய் 2008-இல்தான் இறங்கியது. கடைசி இரவு சந்திர கிரகணம் மட்டும் சொன்ன நேரத்துக்கு நடந்தது. அது இவர்கள் பொறுப்பில் இல்லை.

அப்புறம் எதற்கு இவர்கள்மேல் இவ்வளவு பித்து என்றால், டேப்புகளுக்காக. ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டு 1968 இசைத்தட்டில் மூன்று நிமிடம்கூடக் கிடையாது. 1972-இல் ராட்டர்டாமில் அதே பாட்டு முக்கால் மணி நேரம் தாண்டியும் வீடு திரும்பவில்லை. அதைப் பதியாமல் விட்டிருந்தால் சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

பதிய ஆரம்பித்த புண்ணியவான் ஔஸ்லி ஸ்டான்லி. எல்.எஸ்.டி. என்ற போதைமருந்து காய்ச்சிய காசில் குழுவுக்கு ஸ்பீக்கர் வாங்கித் தந்த ஒலிக்காரர். தன் வேலை சரியா என்று பார்த்துக்கொள்ள ஒவ்வொரு இரவையும் நாடாவில் ஏற்றினார். அவருக்குப் பின் வந்தவர்களில் பெட்டி கேன்டர்-ஜாக்சனுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவர் பதிந்த சுருள்கள் சேமிப்புக் கிடங்கில் கிடந்தன. வாடகை கட்ட முடியவில்லை. 1986-இல் கிடங்குக்காரர்கள் ஏலம் விட்டுவிட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து கைமாறி ரசிகர்களிடம் வந்ததில்தான் ஊரெல்லாம் அவர் பதிவின் தெளிவைக் கேட்டது.

மற்றபடி ரசிகர்களே பதிந்தார்கள். நீளக் கம்பத்தில் மைக்கைக் கட்டித் தூக்கியதில், ஒலிக்காரருக்கு மேடையே தெரியாமல் போயிற்று. வேறு குழுவாக இருந்தால் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கும். இவர்கள் 1984-இல் ஒலிமேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கி டிக்கெட் போட்டார்கள். ஒரே நிபந்தனை: காசுக்கு விற்கக்கூடாது. அந்தக் காலத்தில் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் இன்னொரு ரசிகருக்கு அனுப்பினால் ஒரு கச்சேரி வீடு தேடி வரும். பிரதிக்குப் பிரதி எடுத்து ஐந்தாம் தலைமுறைக்கு வருகையில், கார்சியா ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலுக்கு அந்தப்பக்கம் நின்று வாசிப்பார்.

பெட்டி பதிந்ததில் மகுடம் 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே நெரிசல், ஓரடி பின்னால் போங்கள் என்று குழுவின் பாப் வியர் கண்டக்டர் மாதிரி கெஞ்சுவதும் பதிவாகியிருக்கிறது. அப்புறம் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ தொடங்கி, எந்த இடத்தில் ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ ஆனது என்று பிடிபடாமல் நழுவும். அந்த ஒட்டைக் கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்கிறேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே இந்தப் பதிவைத் தேசியச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டது.

கார்னெல் ஒன்றும் அவ்வளவு இல்லை, மறுநாள் பஃபலோ கச்சேரிதான் உசத்தி என்று மல்லுக்கு நிற்கிற கட்சியும் உண்டு. சும்மா கேட்டு வைப்போமே என்று போட்டேன். எடுத்த எடுப்பிலேயே ‘ஹெல்ப் ஆன் தி வே’. கட்சி மாறலாமா என்று சபலமாகத்தான் இருக்கிறது.