18 மரையும் 19 மரையும்

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி ஓட்டுகிறவனின் இடது காலுக்கு வேலை கிடையாது. அந்தக் கால் பட வேண்டிய பாட்டையெல்லாம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய் படுகிறது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்து, எண்ணெயைச் சுழற்றியே எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்கு அனுப்பும். மேடு ஏறும்போது ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்ற, நடுவில் மாட்டிய எண்ணெய் சூடேறும். 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் ஆசாமி, 120-ஐத் தாண்டினால் கருகத் தொடங்கிவிடுவார்.

என்னுடைய பழைய ஜப்பான் எஸ்யூவி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் கியர் ஆயில் விளக்கைப் போட்டுவிட்டது. பின் சீட்டில் மாமனார். "என்ன மாப்ள, வண்டிக்குக் காய்ச்சலா?" என்றார். அப்படியும் சொல்லலாம்.

"தனியா ஒரு கூலர் போட்டுடலாம் சார். சின்ன வேலை" என்றார் மெக்கானிக். சாமான் வாங்கும் பொறுப்பு வண்டிக்காரன் தலையில் விழும் எதுவும் அவருக்குச் சின்ன வேலைதான். கம்பெனி கொடுத்த கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. நடுச்சுவர் விட்டுப்போனால் சிவப்பு எண்ணெயும் தண்ணீரும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும் என்று பயமும் காட்டினார்.

கூலர் வாங்குவது எளிது. தட்டு அடுக்கிய மாதிரி ஒன்று, ஏ.சி. கண்டென்ஸருக்கு முன்னால் நிற்கும், முடிந்தது. எண்ணெய் அதற்குப் போகும் வழியும் வரும் வழியும்தான் ஆளைக் கொல்லும். ஹோஸ் வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனேன்.

"மூணு நூல் ஹோஸ் வேணும்ணே."

கடைக்காரர் ஒரு கறுப்புச் சுருளை இழுத்துப் போட்டார். "எதுக்கு சார்?"

"ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு."

"இது எல்லாத்துக்கும் ஓடும் சார்."

எல்லாத்துக்கும் ஓடும் என்று சொல்லப்படுகிற எதுவும் எனக்கு வேண்டியதற்கு மட்டும் ஓடியதில்லை. சுருளைத் திருப்பிப் பார்த்தேன். ஹீட்டர் தண்ணீருக்கான ஈ.பி.டி.எம். ரப்பர். தண்ணீரில் வருஷக்கணக்கில் உழைக்கும். எண்ணெய் பட்டால் ஊதி, கொழகொழத்து, கிளிப்பைவிட்டு நழுவும். அடுத்து பெட்ரோல் ஹோஸை எடுத்தார். "பெட்ரோலுக்கே தாங்குறது ஆயிலுக்குத் தாங்காதா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் டாங்கிலிருந்து குளுகுளுவென்று வருகிறது. கியர் ஆயில் 100 டிகிரியில் வரும். ஹோஸின் விலாவில் எஸ்.ஏ.இ. ஜே 1532 என்று அச்சடித்திருக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் முகம் மாறியது. ஹோஸ் மேல் இருக்கிற எழுத்தைப் படிக்கிற வாடிக்கையாளரை எந்தக் கடையிலும் பிடிக்காது. இருந்தாலும் பரணில் ஏறி, தூசு தட்டி, எடுத்துக் கொடுத்தார்.

பிட்டிங்கில்தான் நிஜமான கூத்து. கூலரின் வாயில் இருப்பது கால் அங்குல மரை. பெயர்தான் கால் அங்குலம். வெர்னியரை வைத்தால் வெளிவிட்டம் 13.7 மி.மீ., அதாவது அரை அங்குலத்துக்கும் மேல். குழாய் மரைக் கணக்கு அப்படி, யாரிடம் முறையிடுவது? அதிலும் இது அமெரிக்க மரை, என்.பி.டி.; அங்குலத்துக்கு 18. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பி.எஸ்.பி.; அங்குலத்துக்கு 19. வெள்ளைக்காரர்கள் இருவரும் ஒரே பாஷை பேசினாலும் ஒரு மரையில் ஒத்துப்போகவில்லை. ஒன்றை மற்றதில் விட்டால் இரண்டு சுற்று ஆசையாகப் போகும், அப்புறம் நின்றுவிடும்.

"டேப் சுத்தி இறுக்குங்க சார். வீட்டுப் பைப்புக்கு அப்படித்தானே போடுறோம்?"

வீட்டுப் பைப் ஒழுகினால் கீழே வாளி வைக்கலாம். இங்கே டேப்பின் பிசிறு கியர்பாக்ஸுக்குள் போய் வால்வு பாடியின் ஊசித் துவாரம் ஒன்றை அடைத்தால், வண்டி கியர் மாற மறுத்து நடுரோட்டில் நிற்கும்.

கூட வந்த மகன் கண்ணாடி அலமாரியிலிருந்த சிவப்பு, நீல பிட்டிங்குகளில் மயங்கியிருந்தான். அமெரிக்க ராணுவமும் கப்பற்படையும் வைத்த அளவு அது, ஏ.என். 6 என்றால் 6-ஐ 16-ஆல் வகுத்த அங்குலம், நமது மூணு நூல்தான். "சூப்பரா இருக்குப்பா" என்றான். சூப்பராகத்தான் இருந்தது, விலையும். பந்தய வண்டிக்குச் சரி. மாமனாரை மலைக்கு ஏற்றும் வண்டிக்குப் பித்தளை நிப்பிளும் கிளிப்பும் போதும்.

அந்த நிப்பிளுக்காகப் புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. பெரியவர் கூலரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மரை கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்தார். 19 போட்ட தகட்டை மரையில் வைத்தபோது பல்லிடுக்கில் வெளிச்சம் கசிந்தது. 18-ஐ வைத்தார், வெளிச்சம் செத்தது.

"இது நம்ம ஊர் மரை இல்ல தம்பி."

"தெரியும் ஐயா. கடையிலதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

பித்தளைக் கம்பியைச் சக்கில் மாட்டி, 16-க்கு 1 சரிவு கொடுத்து இரண்டு நிப்பிள் கடைந்து தந்தார். நுனியில் ஹோஸ் நழுவாமலிருக்க மேடும் வைத்தார். நான் கேட்காமலே வைத்தார் என்பதால் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மெக்கானிக்கோ வழியெங்கும் எல்போவும் ஜாயின்ட்டுமாகப் போட ஆசைப்பட்டார். ஒவ்வொரு ஜாயின்ட்டும் பின்னால் ஒழுகப்போகிற இடம் என்று சொல்லி, மடங்காத அளவுக்கு ஹோஸையே வளைத்து விடச் சொன்னேன். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் லைனை அறுத்து நடுவில் கூலர். கிளிப், ஓட்டை போட்ட பட்டையில்லாமல் வழுவழுப்பானது. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் குறைந்ததற்கு ஊற்றி, கீழே பழைய பேப்பரை விரித்தோம். சொட்டு இல்லை.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி மிச்சமிருந்த ஹோஸைக் கையிலெடுத்தார். "இதை நான் வச்சுக்கட்டுமா சார்? அந்தப் பக்கம் நிக்குற வண்டியில ஹீட்டர் தண்ணி லைன் போயிடுச்சு."

"அது தண்ணிக்கு இல்லண்ணே."

"எல்லாத்துக்கும் ஓடும் சார்" என்றார்.