மொய்யின் கடை ரூபாய்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுத் திருமணங்களில் உற்றாரும் ஊராரும் மணவீட்டாருக்குக் கொடுக்கும் பணம் மொய் எனப்படும். அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டு, கடனைப் போல் எழுதி வைக்கப்பட்டு, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் தவறாமல் திரும்பி வரும் இதனைத் தென்மாவட்டத்தார் செய்முறை என்றும் சொல்வர். தொகை நூறாயினும் ஐயாயிரமாயினும் அதன் இறுதியில் ஒரு ரூபாய் ஒட்டிக்கொண்டிருப்பதும், அந்த ஒன்று இல்லாமல் கொடுக்கப் பலருக்குக் கை கூசுவதும் யாவரும் அறிந்தவை. கல்யாணத்தில் சாம்பாரின் உப்பு முதல் நாதஸ்வரக்காரரின் கூலி வரை அனைத்தும் விவாதிக்கப்பட்டு வரும் நிலையில், இந்த ரூபாய் மட்டும் போதிய கவனம் பெறாமல் கிடக்கிறது. இனி இக்கட்டுரையில் அது ‘கடை ரூபாய்’ எனக் குறிக்கப்படும்.

ஆய்வுக் களமாக அமைவது மொய் மேசை. பெரும்பாலும் பந்தி நடக்கும் கூடத்தின் வாயிலை ஒட்டி, உண்டு முடித்தவர் பார்க்காதது போல் நடந்துவிட முடியாத இடத்தில் போடப்படும் இம்மேசையில் இருவர் அமர்வர். ஒருவர் பணம் வாங்குபவர். கையில் மஞ்சள் பையை நம்பிக் கொடுக்க வேண்டியிருப்பதால் அவர் நெருங்கிய பங்காளியாகவோ மச்சானாகவோ இருப்பார். மற்றவர் எழுதுபவர், கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் ஆயுளில் பாதிக் கல்யாணங்களை மணமேடையைப் பாராமலேயே கழித்தவர். நோட்டின் முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் பெயரும் எழுதப்பட்டு, பல ஊர்களில் தாய்மாமன் மொய்யோடு கணக்குத் தொடங்கும். பின்னர் ஊர், தலைப்பெழுத்து, பெயர், தொகை என்ற வரிசையில் பதிவுகள் நீளும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருந்தால் ‘டீக்கடை’, ‘மில்’, ‘வாத்தியார்’ போன்ற அடைமொழிகள் சேர்க்கப்படும். வீட்டுப் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று தேடும் குடும்பங்களிலும் மொய் நோட்டு பீரோவில் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும்.

கடை ரூபாய் ஏன் சேர்க்கப்படுகிறது என்பதற்கு வழங்கிவரும் விளக்கங்களுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, பூஜ்யத்தில் முடியும் தொகை முற்றுப்பெற்றதாகிவிடும், ஒன்றில் முடிந்தால் உறவு மேலும் வளரும் என்பது. இதை மறுக்கச் சான்று எதுவும் இல்லை. நிறுவவும் சான்று எதுவும் இல்லை. ஆகவே இதனைப் பெரியோர் வாக்கு என்ற தலைப்பில் வைத்துவிட்டு மேலே செல்வதே முறை.

இரண்டாவது விளக்கம் கணிதம் சார்ந்தது என்பதால் சோதனைக்கு இடம் தருகிறது. ஒன்றில் முடியும் தொகையை இரண்டாகப் பங்கிட முடியாது, அதுபோல மணமக்களும் பிரியமாட்டார்கள் என்பது இதன் சாரம். நூற்றொன்றும் இருநூற்றைம்பத்தொன்றும் பகா எண்கள், அதாவது தம்மாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாதவை என்பதால் அவற்றின் மட்டில் இக்கூற்று உறுதியாக நிற்கிறது. ஆனால் மிகுதியாக எழுதப்படும் 501 மூன்றால் வகுபடும். மணமகன், மணமகள், மாமியார் ஆகிய மூவரும் தலைக்கு 167 ரூபாயாக மீதியின்றிப் பிரித்துக்கொள்ளலாம். 1001இன் நிலை இன்னும் கவலைக்கிடமானது. ஏழு பேர், பதினொரு பேர், பதின்மூன்று பேர் என எந்த எண்ணிக்கையில் உறவினர் கூடிப் பங்கு கேட்டாலும் அத்தொகை சிதறாமல் பிரியும் இயல்புடையது. தம்பதியர் ஒற்றுமையில் உண்மையான அக்கறை உள்ளவர் இருநூற்றைம்பத்தொன்றோடு நிறுத்திக்கொள்வதே கணித அடிப்படையில் சரியானது என்பதையும், இம்முடிவு சிக்கனக்காரர்களிடையே நல்ல வரவேற்பைப் பெறக்கூடும் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இவ்விளக்கங்கள் போதாமையால் மானுடவியலின் துணை வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925இல் வெளியான, கொடை பற்றிய தம் நெடுங்கட்டுரையில், கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் ஆகிய மூன்றுமே கடமைகள் என்றும், தானாக விரும்பிக் கொடுப்பது போன்ற தோற்றத்துக்குள் கட்டாயம் ஒளிந்திருக்கிறது என்றும் காட்டினார். பாலினீசியத் தீவுகளையும் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையையும் சான்றாகக் கொண்டு அவர் எட்டிய இம்முடிவை உசிலம்பட்டிப் பக்கத்து மொய் மேசை ஒன்றின் அருகே அரை மணி நேரம் நின்றிருந்தால் எட்டியிருக்கலாம் என்பது உண்மையே எனினும், அதனால் அவர் உழைப்பின் பெருமை குறையாது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில், குறிப்பாகப் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில், கல்யாணமே இல்லாமல் மொய்யை மட்டும் வாங்குவதற்காக ஆடி, ஆவணி மாதங்களில் ஆட்டுக்கறி விருந்து வைக்கும் வழக்கம் உண்டு. மொய் விருந்து எனப்படும் இதில் பலர் கூடி ஒரே பந்தலில் விருந்து வைத்து, தனித்தனியே மொய் வாங்குவர். மாப்பிள்ளையும் பெண்ணும் மொய்க்கு அவசியமில்லை என்பதை இவ்வட்டாரம் எப்போதோ கண்டுகொண்டது. இங்கே முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்வது பழைய நடை என்றும், அதற்கு மேல் புதிதாகச் செய்வது புது நடை என்றும் பிரித்துச் சொல்லப்படும். கடை ரூபாயின் தன்மையை அறிய இப்பிரிவே திறவுகோல்.

ஒருவர் தமக்கு முன்பு வந்த 501ஐத் திருப்பிச் செய்வதோடு அதே அளவு புது நடையும் செய்ய விரும்புகிறார் எனக் கொள்வோம். பழைய நடை 501, புது நடை 501. ஆக அவர் கொடுக்க வேண்டியது 1002. ஆயினும் 1002 என்று மொய் எழுதும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. அவர் கொடுப்பது 1001 மட்டுமே. எனில் ஒரு ரூபாய் எங்கே போயிற்று? பழைய கடனில் குறைந்ததா, புதிய செய்முறையில் குறைந்ததா என்று எந்தப் பங்காளியும் கேட்பதில்லை. ஐந்நூறு குறைந்திருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருந்திராது. ஆகவே ஐந்நூறுகள் கடனுக்கும் வரவுக்கும் உரியவை என்றும், கடை ரூபாய் இரண்டிலும் சேராமல் தொகை எத்தனை முறை கைமாறினாலும் ஒன்றாகவே நிற்பது என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது. மொய்யில் திருப்பிக் கேட்கப்படாத பகுதி, அதாவது கொடை என்ற பெயருக்கு முழுத் தகுதியுடைய பகுதி, அந்த ஒன்று மட்டுமே.

இந்தத் தனித்தன்மைக்கு அரசும் தன்னையறியாமல் துணை நிற்கிறது. மற்ற ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட, 1917இல் முதன்முதலாக வந்த ஒரு ரூபாய் நோட்டை மட்டும் இந்திய அரசே வெளியிடுகிறது. அதில் ஆளுநரின் கையெழுத்து இராது, நிதிச் செயலரின் கையெழுத்தே இருக்கும். 1994இல் அச்சிடுவது நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கிய அந்தக் காகிதத்தை 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயம் என்றே வரையறுக்கிறது. அதே சட்டத்தின்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கே செல்லுபடியாகும். எனவே கோயில் உண்டியலைப் போலச் சேர்த்து வைத்த ஒற்றை ரூபாய் நாணயங்களால் ஆயிரம் ரூபாய் செலுத்துவோரைச் சட்டம் ஆதரிக்கும்; 1001ஐ அவ்வாறே செலுத்துவோரைக் கைவிட்டுவிடும். மொய்யை முழுமையாக்கும் ரூபாயே அதைச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே தள்ளும் இந்த முரண்பாட்டை நாடாளுமன்றம் எதிர்பார்த்ததாகத் தோன்றவில்லை.

2021இல் மதுரைத் திருமணம் ஒன்றின் அழைப்பிதழில் மொய்க்கான கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது செய்தியானபோது, கடை ரூபாயின் காலம் முடிந்ததோ என்ற ஐயம் எழுந்திருக்கலாம். கைபேசியில் பணம் அனுப்புவோருக்குச் சில்லறைத் தட்டுப்பாடும் இல்லை, நாணயத்தைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவும் துன்பமும் இல்லை. எனினும் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்றைத் தட்டும் விரல்களுக்குக் குறைவில்லை.

உண்மையான சிக்கலை உண்டாக்கியிருப்பது அச்சகத்தார் விற்கும் மொய்க் கவர். மேற்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்டே கடைக்கு வரும் இக்கவரை வாங்குபவர், மறதியாலோ கவரின் மீது நம்பிக்கை இன்மையாலோ, உள்ளேயும் ஐந்நூற்றோடு ஒரு நாணயத்தைப் போட்டுவிடுவதுண்டு. எழுதுபவர் 501 என்றே எழுதுவார். 502 என்று எழுதினால் அடுத்த முறை அதைத் திருப்பிச் செய்ய வேண்டியவர் திணறிப்போவார் என்பது அவருக்குத் தெரியும். இதன் விளைவாக, மாலையில் கூட்டிப் பார்க்கையில் கணக்கில் இருப்பதைவிடப் பையில் இருப்பது இருபது முப்பது ரூபாய் கூடுதலாக இருக்கும். மணமகனின் தந்தை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, கவர் கிழித்துக் கொடுத்த சிறுவனிடம் அதைத் தந்து, மேசையில் இருந்தவர்களுக்கு டீ வாங்கி வரச் சொல்வார்.