கையொப்பத்துக்குப் பின்

மின்கேபிள்களைத் தாங்கிச் செல்வதற்காக, துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் துளையிட்டுக் கூரையடியில் தொங்கவிடப்படும் நீண்ட தட்டே கேபிள் டிரே எனப்படும். அது எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பதைச் சோதிக்கும் முறையை ஐஇசி 61537 என்னும் பன்னாட்டுத் தரநிலை வகுத்துள்ளது. கட்டடத்தின் மின்வேலையைச் சோதிக்க ஆய்வாளர் வரும் நாளில், இணைப்புதோறும் பச்சை மஞ்சள் எர்த் கம்பி பளிச்சென்றிருக்க, மின்கேபிளும் தகவல் கேபிளும் இடைவெளிவிட்டு ஒழுங்காகப் படுத்திருக்கும். அவர் கையொப்பமிட்டுப் படியிறங்கியதும், சிசிடிவிக்காரரும் இன்டர்நெட்காரரும் ஏசிக்காரரும் வரிசையாக வந்து அவரவர் வயரை அதே தட்டில் வீசிச் செல்ல, செத்த கேபிளை எடுப்பது எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லாமையால், டிரே வீட்டுப் பரணாகிவிடுகிறது. டிரே சுவரைக் கடக்கும் துளையைத் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும் என்பது விதி. அடைத்திருப்பதோ, நன்றாக எரியக்கூடிய பிளாஸ்டிக் சிமெண்டுச் சாக்கு. கட்டடம் வாங்குவோர், சான்றிதழைப் படிப்பதற்கு முன் டிரேயை மறைக்கும் ஃபால்ஸ் சீலிங்கின் பலகையொன்றைத் தூக்கிப் பார்த்துவிடுவது நலம்.