பிளானிங் அப்பா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தகப்பன்மார் பல ரகம். மாதக் கடைசி டிஸ்பாட்ச் முடியும்வரை பிள்ளையின் முகத்தையே பார்க்காதவர் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஸ்கூல் வேனில் ஏறும் பிள்ளைக்கு ‘குட் நைட்’ சொல்பவரும் உண்டு. நான் சொல்ல வந்தது இன்னொரு ரகம்: பிளானிங் அப்பா.

கம்பெனியில் அவர் பிளானிங்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டோர்ஸிலோ குவாலிட்டியிலோ இருந்தாலும் வியாதி ஒன்றுதான். ஃபைவ் எஸ், கைசன் பயிற்சிகளுக்குப் போய்வந்த சான்றிதழ்கள் ஷோகேஸில் வரிசையாக நிற்கும். அடுக்களை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியவர் அவர்தான். உப்பு டப்பாவில் குறைந்தபட்ச இருப்பைக் காட்ட ஒரு சிவப்புக் கோடும் போட்டிருப்பார். வீட்டம்மா அந்த டப்பாவில் வெந்தயம் போட்டு வைத்து ஒரு வருஷமாகிறது. அது இன்னும் எந்த ஆடிட்டிலும் பிடிபடவில்லை.

இவருடைய நாலு வயது மகள் ஒருநாள் செல்போனில் கரடிக் குட்டிகள் கோப்பையும் தட்டுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் டீ பார்ட்டி வேணும்” என்றாள். மற்ற அப்பாவாக இருந்தால் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார். இவர் எக்செல்லைத் திறந்தார்.

முதல் சிக்கல் நேரம். ஆறு–ரெண்டு, ரெண்டு–பத்து, பத்து–ஆறு என்று மூன்று ஷிப்டில் ஓடும் ஊர் இது. காலையில் வைத்தால் மாடி வீட்டு நைட் ஷிப்ட்காரர் தூக்கம் கெட்டு இறங்கி வருவார். இரண்டு மணிக்கு வைத்தால் பாதி அப்பாக்கள் உள்ளே போவார்கள், மீதிப் பேர் வெளியே வருவார்கள். எல்லார் வீட்டு ஷிப்டையும் கேட்டு, ஒரு கட்டத்துக்குப் பச்சை, ஒரு கட்டத்துக்கு மஞ்சள் அடித்து, ஞாயிறு மாலை நாலு மணி என்று கண்டுபிடித்தார். எல்லா வீட்டிலும் டீ போடும் நேரம் அதுதான். எக்செல் இல்லாமலே அவருடைய ஆயா சொல்லியிருப்பார்.

அடுத்து டீ. சின்னக் குழந்தைகளுக்கு டீ கொடுக்கலாமா? கூடாது. டீயிலுள்ள டானின், உடம்பு இரும்புச்சத்தை எடுத்துக்கொள்வதைக் கெடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பெரியவர்களே டீ, காபியைத் தவிர்க்கும்படி ஐ.சி.எம்.ஆர். 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. இரும்பு உருக்கி, கம்பி இழுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற கும்மிடிப்பூண்டியில், சொந்தப் பிள்ளைகளுக்கு இரும்பு பற்றாமல் போனால் வெட்கக்கேடு இல்லையா? டீ பார்ட்டியிலிருந்து டீ நீக்கப்பட்டது. “டீயே இல்லாம என்னடா டீ பார்ட்டி?” என்று ஆயா கேட்டதற்கு எக்செல்லில் கட்டம் இல்லை.

தீம் இல்லாமல் பார்ட்டி கிடையாது. யூனிகார்ன் போன மாதமே எதிர் வீட்டில் ஆகிவிட்டது. கடைசியில் உள்ளூர்ச் சரக்குக்கே மனுஷன் வந்தார்: பூநாரை. நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரி இருக்க வெளிநாட்டுக் குதிரை எதற்கு? இதற்கு மட்டும் அவரை நான் மனதாரப் பாராட்டுவேன். சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம்மில் பலர் அங்கே மீன் வாங்க மட்டும்தானே போகிறோம்? அழைப்பிதழில் தகவல் வேறு: ‘பூநாரைகள் குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வருகின்றன. அவை ஒற்றைக் காலில் நின்று தூங்கும்.’ டீக்குப் பதில் ரோஸ்மில்க் என்பதும் நிறத்தோடு பொருந்திப் போயிற்று.

காகிதத் தட்டும் தோரணமும் வாங்க லோக்கல் ரயிலேறிப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனார். மூன்று கடையில் விலை கேட்டு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டதில் பதினெட்டு ரூபாய் மிச்சம். கவரைப்பேட்டை தாண்டும்போது அதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

பூநாரை வடிவ பிஸ்கட்தான் படுத்திவிட்டது. அந்தப் பறவைக்கு அழகே கழுத்து. பிஸ்கட்டுக்கு ஆபத்தே அதுதான். அடுப்பிலிருந்து எடுத்தால் ஒடிந்தது, தட்டில் வைத்தால் ஒடிந்தது. ஜாம் தடவி ஒட்டி ரீவொர்க் செய்து பார்த்தார். ஒட்டாததை ரிஜெக்ட் டப்பாவில் போட்டார். டப்பா நிறையவே இல்லை என்பதைக் கவனித்துத் திரும்பினால், ஆயா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். “கழுத்து ஒடிஞ்சாத்தான்டா மெல்ல வருது” என்றார்.

ஞாயிறு வந்தது. தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி பேசும் வீடுகளிலிருந்து பதினொரு பிள்ளைகள். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். 1948ஆம் வருஷத்துப் பழைய தொழிற்சாலைச் சட்டம் பிளானிங் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை விடாமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்றிருந்த 55ஆவது பிரிவை நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நாலு வயசுப் பிள்ளை ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காராது என்று அந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இருந்ததில்லை.

ஷிப்ட் ஆரம்பத்தில் லைனில் நிற்பவர்களிடம் பேசுவதைப் போலவே பிள்ளைகளிடமும் பேசினார். “பூநாரைக் குஞ்சு பொறக்கும்போது சாம்பல் நிறமாத்தான் இருக்கும். பாசி, இறாலு எல்லாம் தின்னுதில்ல, அதுல இருக்கிற சத்துதான் அதை ரோஸ் ஆக்குது. என்ன சாப்பிடுதோ அந்தக் கலர்!” தகவல் சரி. சொல்லி முடித்த கையோடு ரோஸ்மில்க் ஊற்றியதுதான் தப்பு.

ஒரு பையன் கோப்பையைத் தள்ளிவைத்து அழ ஆரம்பித்தான். இன்னொருத்தி சீக்கிரம் நிறம் மாற வேண்டுமென்று தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். பிளானிங் அப்பா பதறவில்லை. பிரேக்டவுன் என்றால் வொய்-வொய் அனாலிசிஸ். ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டால் மூலகாரணம் வந்துவிடும். பையன் முன்னால் குத்துக்காலிட்டார்.

“ஏன் கண்ணா அழற?”

“நான் ரோஸ் ஆவ மாட்டேன்.”

“ஏன் ரோஸ் ஆவேன்னு நினைக்கிற?”

“நீங்கதான சொன்னீங்க?”

மூன்றாவது ‘ஏன்’ அவர் வாயில் வருவதற்குள் பையன் முந்திக்கொண்டான்: “ஏன் அங்கிள் அப்படி சொன்னீங்க?”

மூலகாரணம் கிடைத்துவிட்டது. அதை எழுதும் படிவத்தில் நிரப்புபவர் பெயர், பொறுப்பாளர் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்ததுதான் சங்கடம்.

அதற்குள் ஆயா உள்ளேயிருந்து பழைய மரச் சொப்புகளைக் கூடையோடு கொண்டுவந்து கவிழ்த்துவிட்டார். பதினொரு பேரும் அதைச் சுற்றிக்கொண்டார்கள். காலிக் கிண்ணத்தில் காலி டீ, கொதிக்கிறது என்று ஊதி ஊதிக் குடித்தார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றே ஒரு பருவம் உண்டு. அதில், தாங்கள் கட்டிய மணல்வீட்டை உதைத்துவிடாதே என்று பெண்பிள்ளைகள் கெஞ்சுவார்கள். இங்கேயும் ஒருவன் காலைத் தூக்கினான். தலையில் ரோஸ்மில்க் வழிந்தவள் கெஞ்சவில்லை, கடித்தாள். நிரலில் இல்லாத இந்த நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதையும் பிளானிங் அப்பா ஸ்டாப் வாட்ச் வைத்துக் குறித்துக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பாக்கள் எல்லோரும் அவரைக் கிண்டலடித்தார்கள். ராத்திரி ஒவ்வொருவராகத் தனித்தனியே வாட்ஸ்அப்பில் அந்த எக்செல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதுமே.

அடுத்த மாதமே இரண்டாவது பிளாக்கிலிருந்து டைனோசர் பார்ட்டிக்கு அழைப்பிதழ் வந்தது. அதே நாலு மணி, அதே ரோஸ்மில்க். கீழே தகவல்: ‘டைனோசர்கள் குளிர்காலத்தில் பழவேற்காட்டுக்கு வருகின்றன. அவை ஒற்றைக் காலில் நின்று தூங்கும்.’